ஒப்பந்தப் பத்திரத்தில் தரப்பினர் யாவர்?

வணிகம் செய்வோர் ஒப்பந்தம் எழுத அமரும்போது விலை என்ன, சரக்கு எந்நாளில் வந்து சேரும், பணம் எத்தனை தவணையில் தரப்படும், வட்டி எவ்வளவு என்பனவற்றைப் பலமுறை பேசித் தெளிகின்றனர். ஆனால் பத்திரத்தின் முதற் பத்தியில் இடம்பெறும் பெயர்களை மட்டும் பத்திர எழுத்தரிடமே விட்டுவிடுகின்றனர். கடைப் பலகையில் கண்ட பெயரோ, விசிட்டிங் கார்டில் அச்சிட்ட பெயரோ அப்படியே பத்திரத்தில் ஏறிவிடுகிறது. விலையில் நேரும் பிழை சில நூறு ரூபாய் இழப்போடு முடியலாம். பெயரில் நேரும் பிழையோ முதலையே விழுங்கிவிடக் கூடும்.

ஒப்பந்தம் என்பது ஒருவர் மற்றவர்க்குக் கட்டுப்படும் செயலாகும். கட்டுப்பட்டவர் யார் என்பது விளங்காவிடில், ஏனைய நிபந்தனைகளை எவ்வளவு நுட்பமாக எழுதி வைத்திருந்தாலும் பயனில்லை. ஆகவே தரப்பினரை இனங்காண்பது எவ்வாறு, யார் கையெழுத்து யாரைக் கட்டுப்படுத்தும், எதைக் கொண்டு சரிபார்ப்பது என்பவற்றை இப்பாடத்தில் முறையாகக் காண்போம்.

1. பெயர் தவறினால் விளைவது என்ன?

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். நெல் அரிசி வணிகர் ஒருவர் தமக்கு நன்கு அறிமுகமான ஒருவருக்கு 4 இலட்ச ரூபாய் மதிப்புள்ள அரிசியைக் கடனாக அனுப்புகிறார். பில்லில் கடையின் பெயர் மட்டுமே உள்ளது. பணம் வரவில்லை. கேட்டுக் கேட்டு இரண்டரை ஆண்டுகள் கழிகின்றன. பின்னர் அந்த அறிமுகமானவர் மீது வழக்குத் தொடுக்கிறார். எதிராளியோ, "சரக்கை வாங்கியது நான் அல்லேன், அந்தக் கடையை நடத்துவது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி, நான் அதன் இயக்குநர் மட்டுமே" என்று பதிலுரை தாக்கல் செய்கிறார். ஆவணங்களும் அவ்வாறே உள்ளன. அதற்குள் 3 ஆண்டுகள் கடந்துவிட்டன.

விற்ற சரக்கின் விலைக்காக வழக்கிட 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாகத் தரும் காலம் 3 ஆண்டுகளே. அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, நடந்துகொண்டிருக்கும் வழக்கில் புதிதாக ஒருவரை எதிராளியாகச் சேர்த்தால், அவரைப் பொறுத்தவரை அவர் சேர்க்கப்பட்ட நாளில்தான் வழக்குத் தொடங்கியதாகக் கொள்ளப்படும். நல்லெண்ணத்தால் நேர்ந்த பிழை என்று நீதிமன்றம் நிறைவடைந்தால் முந்தைய நாளையே கணக்கிட ஆணையிடலாம். ஆனால் அதனை மெய்ப்பிக்கும் சுமை வணிகர் தலையில் விழுகிறது. உண்மையில் வரவேண்டிய பணம், பில்லில் ஒரு வரி சரியாக எழுதப்படாமையால் ஐயத்திற்கு உள்ளாகிறது.

இங்கிலாந்தில் 1878-இல் பிரபுக்கள் சபை தீர்த்த 'கண்டி எதிர் லிண்ட்சே' வழக்கு இதற்கு மற்றொரு பக்கத்தைக் காட்டும். பிளென்கார்ன் என்னும் ஏமாற்றுக்காரன் இலண்டன் வுட் தெருவில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தான். அதே தெருவில் பிளென்கிரான் கம்பெனி என்ற நற்பெயர் பெற்ற நிறுவனம் இருந்தது. அவன் தன் கையெழுத்தைப் பிளென்கிரான் எனப் படிக்கும்படி எழுதி, பெல்ஃபாஸ்ட் நகரத்து லினன் துணி உற்பத்தியாளரான லிண்ட்சே நிறுவனத்திடம் சரக்குக் கேட்டான். அவர்கள் நம்பிக் கைக்குட்டைகளை அனுப்பினர். அவன் அவற்றைக் கண்டி என்பாருக்கு விற்றுவிட்டான். லிண்ட்சே நிறுவனத்தார் எண்ணியது பிளென்கிரானை. பிளென்கார்னோடு அவர்கள் ஒப்பந்தமே செய்யவில்லை என்று சபை தீர்ப்பளித்தது. ஆகவே நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கிய கண்டி, சரக்கின் மதிப்பை லிண்ட்சேவுக்குத் தரவேண்டியதாயிற்று. தெருப் பெயரும் ஒலிக்கும் பெயரும் ஒத்திருந்தால் ஆளும் ஒத்தவர் என எண்ணிவிடலாகாது என்பதே இவ்வழக்குத் தரும் படிப்பினை.

2. தனி மனிதர்

தரப்பினர் தனி மனிதராயின் மூன்று செய்திகள் தெளிவாக வேண்டும்: அவர் யார், ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவரா, தமக்காகச் செய்கிறாரா, பிறருக்காகவா?

நம் நாட்டில், சிறப்பாகத் தமிழ் வழங்கும் ஊர்களில், பெயரால் மட்டும் ஆளை இனங்காண இயலாது. ஒரே சிற்றூரில் பார்சுவநாதன் என்ற பெயருடையோர் நால்வர் இருப்பர். தலைப்பெழுத்தும் ஒத்திருக்கக் கூடும். ஒருவரே வங்கியில் 'பார்ஸ்வநாதன்' என்றும், பட்டாவில் 'பார்சுவநாத நயினார்' என்றும், வீட்டில் வேறொரு பெயராலும் வழங்கப்படுவார். ஆகவே முழுப்பெயர், 'என்கிற' என்று வழங்கும் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, கதவு எண்ணுடன் முகவரி, நிரந்தரக் கணக்கு எண் எனப்படும் பான் எண் ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். தலைப்பெழுத்தை மட்டும் எழுதாது அதன் விரிவையும் தருவது நன்று.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 11-ஆம் பிரிவில், பருவம் எய்தியவரும் நல்ல மனநிலை உடையவரும் சட்டத்தால் தடுக்கப்படாதவருமே ஒப்பந்தம் செய்யத் தக்கவர் என்கிறது. 18 வயது நிரம்பாதவரோடு செய்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என 1903-இல் 'மோஹரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ்' வழக்கில் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. கல்கத்தாவில் மைனர் ஒருவர் தம் சொத்தை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதித் தந்திருந்தார். அவ்வடமானம் செல்லாதென்று தள்ளப்பட்டதோடு, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறவும் கடன் தந்தவர் தரப்பினரால் இயலவில்லை. ஆகவே தந்தை மறைந்தபின் கடையைக் கவனிக்கும் இளைஞரோடு ஒப்பந்தம் செய்வோர், அவர் வயதுச் சான்றைக் கேட்பதில் கூச்சம் கொள்ளலாகாது.

3. ஒருவருக்கே உரிய கடை

'ட்ரேடர்ஸ்', 'ஏஜென்சீஸ்', 'ஸ்டோர்ஸ்', 'அண்ட் கோ' என முடியும் பெயர்கள் பல, உண்மையில் ஒரே ஒருவர் நடத்தும் கடைகளின் பெயர்களே. இத்தகைய கடைக்குச் சட்டத்தின் கண்ணில் தனி உயிர் இல்லை. கடையும் உரிமையாளரும் ஒருவரே. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 30-ஆம் கட்டளை, 10-ஆம் விதி, வணிகப் பெயரில் தொழில் நடத்துபவர் மீது அப்பெயரிலேயே வழக்கிட இடந்தருகிறது. ஆனால் அவர் பிறர்மீது வழக்கிட வேண்டுமாயின் தம் சொந்தப் பெயரிலேயே வழக்கிடல் வேண்டும்.

எனவே கடைப் பெயரை முதலில் எழுதிப் பின்னர் உரிமையாளரைக் குறிப்பதை விட, உரிமையாளரை முதலில் எழுதி, 'இன்ன பெயரில் இன்ன இடத்தில் தொழில் நடத்தி வருபவர்' என்று கடையைப் பின்னர்க் குறிப்பதே முறை. உரிமையாளர் காலமானால் கடன் கடையோடு நின்றுவிடாது, அவர் விட்டுச் சென்ற சொத்தின் அளவுக்கு வாரிசுகளைத் தொடரும். அப்போது கடையின் பெயர் உதவாது; உரிமையாளரின் பெயரே உதவும்.

4. கூட்டு நிறுவனம்

இருவரோ பலரோ இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள உடன்பட்டுத் தொழில் நடத்தினால் அது 1932-ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின்கீழ் வரும் கூட்டு நிறுவனமாகும். நிறுவனத்தின் பெயர் பங்குதாரர் அனைவரையும் சுருக்கிக் கூறும் சொல்லே. கம்பெனியைப் போன்ற தனி ஆள் அன்று. 25-ஆம் பிரிவின்படி நிறுவனத்தின் செயலுக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாளர். ஆகவே பத்திரத்தில் நிறுவனத்தின் பெயரோடு எல்லாப் பங்குதாரர் பெயரையும் எழுதி வாங்குவது பாதுகாப்பு.

இங்கு மூன்று எச்சரிக்கைகள் உள.

முதலாவது, பதிவு. பதிவு செய்யாத கூட்டு நிறுவனமும் தொழில் நடத்தலாம். ஆனால் 69-ஆம் பிரிவின்படி அது ஒப்பந்த உரிமையைக் காக்கப் பிறர்மீது வழக்கிட இயலாது. பதிவு பெற்றிருந்தாலும், வழக்கிடும் பங்குதாரர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். பிறரோ அந்நிறுவனத்தின் மீது தடையின்றி வழக்கிடலாம். நம்மவர் நடத்தும் குடும்பக் கூட்டு நிறுவனங்கள் இதனைக் கருத்தில் கொள்ளவேண்டும். அண்ணன் தம்பிக்குள் பதிவு எதற்கு என்று விட்டுவிடும் நிறுவனம், வெளியாரிடம் ஏமாறும் நாளில் கைகட்டி நிற்க நேரும்.

இரண்டாவது, அதிகாரம். வழக்கமான வணிகச் செயல்களுக்கு ஒரு பங்குதாரர் கையெழுத்தே நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆயினும் 19-ஆம் பிரிவு சிலவற்றை விலக்குகிறது. அசையாச் சொத்தை வாங்குதல், விற்றல், தகராறை நடுவர் தீர்ப்புக்கு விடுதல் போன்றவற்றிற்கு ஒருவர் கையெழுத்து இயல்பாகப் போதாது. ஏனையோரின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும்.

மூன்றாவது, மாற்றம். வேறு உடன்பாடு இல்லாதவிடத்துப் பங்குதாரர் ஒருவரின் மறைவால் நிறுவனம் கலையும். விலகிய பங்குதாரரும் பொது அறிவிப்புத் தராதவரை வெளியாருக்குப் பொறுப்பாளராகத் தொடரக் கூடும். பத்தாண்டுகளுக்கு முன் பார்த்த கூட்டுப் பத்திரத்தை நம்பி இன்று ஒப்பந்தம் எழுதுதல் தகாது. விலகியவர்களும் தம் பெயரை நீக்கியதை முறையாக அறிவித்தல் தமக்கே நன்மை.

5. கம்பெனியும் எல்.எல்.பி.யும்

கம்பெனி என்பது அதன் பங்குதாரர்களினின்றும் வேறான தனி ஆள். இலண்டனில் காலணி உற்பத்தி செய்துவந்த ஆரன் சாலமன் தம் தொழிலைக் கம்பெனியாக மாற்றியபோது 20,007 பங்குகளில் 20,001 பங்குகள் அவரிடமே இருந்தன. ஆயினும் கம்பெனியின் கடன் சாலமனின் கடன் அன்று எனப் பிரபுக்கள் சபை முடிவு செய்தது. 1897-ஆம் ஆண்டுத் தொகுப்பில் இடம்பெற்ற அத்தீர்ப்பு இன்றளவும் கம்பெனிச் சட்டத்தின் அடித்தளமாக விளங்குகிறது. எனவே 'அவர்தாம் முதலாளி, எனக்கு அவரைத் தெரியும்' என்று நம்பிக் கம்பெனிக்குக் கடன் தருவோர், அவரிடம் தனியே பிணையப் பத்திரம் பெற்றாலன்றி, அவரது சொந்தச் சொத்தை நாட முடியாது.

இதன் மறுபக்கமும் உண்டு. காசோலை திரும்பியதற்கான குற்ற வழக்கில், காசோலை கம்பெனியினுடையதாயின் கம்பெனியையும் எதிரியாகச் சேர்த்தல் இன்றியமையாதது. இயக்குநரை மட்டும் சேர்த்தால் வழக்கு நிலைக்காது என 2012-இல் 'அனீதா ஹாடா' வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கம்பெனியின் பெயரை ஓரெழுத்தும் விடாது எழுதுதல் வேண்டும். 'பிரைவேட்' என்ற ஒரு சொல்லை விட்டால் வேறொரு கம்பெனியைக் குறிப்பதாகிவிடலாம். ஒரே குடும்பத்தார் ஒத்த பெயரில் மூன்று நான்கு கம்பெனிகள் நடத்துவது இன்று இயல்பு. சரக்கு வாங்குவது ஒன்றாகவும் சொத்து வைத்திருப்பது மற்றொன்றாகவும் இருக்கும். 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், கடிதத்தாளிலும் பில்லிலும் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 எழுத்துகளும் எண்களும் கொண்ட கம்பெனி அடையாள எண் ஆகியவை இடம்பெற வேண்டுமென்கிறது. பெயர் மாறினாலும் அடையாள எண்ணைக் கொண்டு அதன் வரலாற்றைத் தொடரலாம்; ஆதலால் அவ்வெண்ணைப் பத்திரத்தில் எழுதுவது சிறந்தது.

2008-ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய எல்.எல்.பி. எனப்படும் வரம்புறு பொறுப்புக் கூட்டாண்மை, பெயரில் கூட்டாண்மையாயினும் இயல்பில் கம்பெனியைப் போன்று தனி ஆளே. அதனைப் பழைய கூட்டு நிறுவனமென எண்ணி, பங்குதாரரின் சொந்தப் பொறுப்பை எதிர்பார்த்தல் பிழை.

இன்னும் பதிவாகாத கம்பெனி, பிறவாத குழந்தையைப் போன்றது. அது தரப்பினர் ஆகாது. 'தொடங்கவிருக்கும் கம்பெனிக்காக' என்று ஒருவர் கையெழுத்திட்டால், கம்பெனி பதிவான பின் அவ்வொப்பந்தத்தை ஏற்றுத் தெரிவிக்கும்வரை பொறுப்பு யாருடையது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளல் வேண்டும்.

6. கூட்டுக் குடும்பம்

இந்துக் கூட்டுக் குடும்பச் சட்டம் சமணர்க்கும் பொருந்தி வருவதால் இதனை நாம் அறிந்திருத்தல் நலம். கூட்டுக் குடும்பத் தொழிலில் குடும்பத்தின் சார்பாக ஒப்பந்தம் செய்பவர் கர்த்தா. அவர் தம் சொந்தக் காரியமாகச் செய்கிறாரா, குடும்பத்திற்காகச் செய்கிறாரா என்பது பத்திரத்தில் விளங்கவேண்டும். வருமான வரிக்கு இரண்டிற்கும் வெவ்வேறு பான் எண் இருக்கும்.

குடும்பச் சொத்தைக் குத்தகைக்கோ அடமானத்திற்கோ பெறுவோர், ஆண்மக்களை மட்டும் கேட்டு நின்றுவிடலாகாது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மகளிரும் பிறப்பால் பங்குரிமை பெற்றவர்கள். தமிழ்நாட்டிலோ 1989-ஆம் ஆண்டுத் திருத்தமே அப்போது மணமாகாதிருந்த மகளிர்க்கு அவ்வுரிமையை அளித்தது. மணமாகிச் சென்ற சகோதரியின் கையெழுத்து இல்லாத பத்திரம் பின்னாளில் தகராறுக்கு வித்தாகலாம்.

7. அறக்கட்டளை

கல்யாண மண்டபம், மாணவர் விடுதி, கடைகள் ஆகியவற்றை அறக்கட்டளை சார்பில் வாடகைக்கு விடுவதும் கட்டட ஒப்பந்தம் செய்வதும் நம் சமுதாயத்தில் வழக்கமாதலின், இப்பகுதி சிறப்பாகக் கவனிக்கத் தக்கது. அறக்கட்டளை கம்பெனியைப் போன்ற தனி ஆள் அன்று. அதன் சொத்து அறங்காவலர்களிடம் உள்ளது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அறக்கட்டளை 'நபர்' என்னும் சொல்லில் அடங்காது என 2017-இல் 'பிரதிபா பிரதிஷ்டான்' வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது, இவ்வேறுபாடு எத்துணை பெரிது என்பதைக் காட்டும்.

ஆகவே அறங்காவலர்கள் யாவர் என்பதை அறக்கட்டளைப் பத்திரத்தையும் அண்மைய தீர்மானத்தையும் கண்டு உறுதிசெய்து, 'இன்ன அறக்கட்டளையின் அறங்காவலர்கள் என்ற முறையில்' என அவர்கள் பெயர்களை எழுதல் வேண்டும். தலைவர் மட்டும் கையெழுத்திட்டால், அவருக்கு அவ்வதிகாரம் அளித்த தீர்மானத்தின் நகலை இணைத்தல் வேண்டும்.

8. கையெழுத்திடுபவர்

தரப்பினர் ஒருவர், கையெழுத்திடுபவர் மற்றொருவர் ஆகும்போது இரு வினாக்கள் எழுகின்றன: அவருக்கு அதிகாரம் உண்டா? அவர் எந்த நிலையில் கையெழுத்திடுகிறார்?

கம்பெனிக்காகக் கையெழுத்திடுபவரிடம் இயக்குநர் குழுவின் தீர்மான நகலைக் கேட்க வேண்டும். முத்திரை மட்டும் போதாது. 2015-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் பொது முத்திரை கட்டாயமுமில்லை. பவர் பத்திரம் கொண்டு வருபவரிடம் மூலத்தைக் கண்டு, அதனை எழுதிக் கொடுத்தவர் உயிருடன் உள்ளாரா, இரத்து செய்துள்ளாரா என்று விசாரித்தல் வேண்டும். எழுதிக் கொடுத்தவர் மறைந்தால் அவ்வதிகாரம் பொதுவாக முடிவுறும். அதிகாரமின்றி அதிகாரம் உள்ளவர்போல் நடித்தவரிடம் 235-ஆம் பிரிவின்கீழ் நட்டஈடு கேட்கலாமாயினும், அவரிடம் பொருள் இருந்தாலன்றோ அது பயன்படும்!

கையெழுத்திடும் நம்மவரும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். பிறருக்காகக் கையெழுத்திடுவதைக் குறிப்பிடாது கடன் உறுதிச் சீட்டிலோ காசோலையிலோ பெயரெழுதும் முகவர், 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம் 28-ஆம் பிரிவின்படி தாமே பொறுப்பாளர் ஆகிறார். 'இன்ன கம்பெனிக்காக, இயக்குநர்' என்ற சில சொற்கள் ஒருவரின் வீட்டையே காக்கக் கூடும்.

9. சரிபார்க்கும் எளிய வழிகள்

முன்னாளில் இவற்றை அறியப் பதிவு அலுவலகங்களுக்கு நடக்கவேண்டியிருந்தது. இன்று பெரும்பாலானவற்றை இருந்த இடத்திலிருந்தே அறியலாம்.

பான் எண்ணின் 4-ஆம் எழுத்து தரப்பினரின் வகையைக் காட்டும். 'பி' தனி மனிதர்; 'எஃப்' கூட்டு நிறுவனம்; 'சி' கம்பெனி; 'எச்' கூட்டுக் குடும்பம்; 'டி' அறக்கட்டளை. 'அண்ட் கோ' என்ற பெயருடைய கடையின் பான் எண்ணில் 4-ஆம் எழுத்து 'பி' ஆக இருந்தால், அது ஒருவருடைய கடையே எனத் தெளியலாம்.

2017 முதல் நடைமுறையில் உள்ள ஜி.எஸ்.டி. பதிவெண்ணில் 15 இடங்கள் உண்டு. முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டிற்கு 33. அடுத்த பத்தும் பான் எண்ணே. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அவ்வெண்ணை இட்டால் சட்டப்பூர்வப் பெயர், வணிகப் பெயர், தொழிலின் அமைப்பு, பதிவு நடப்பில் உள்ளதா என்பன தோன்றும். பத்திரத்தில் எழுதவேண்டியது சட்டப்பூர்வப் பெயர். கம்பெனிகள், எல்.எல்.பி.கள் பற்றிய அடிப்படைச் செய்திகளைக் கம்பெனி விவகாரத் துறையின் இணையதளத்தில் காணலாம்.

பத்திரத்தில் ஒரு பெயரும், பில்லில் வேறு பெயரும், பணம் செலுத்தும் வங்கிக் கணக்கில் மூன்றாவது பெயரும் வந்தால் நின்று விசாரித்தல் வேண்டும். மூன்றும் ஒன்றாக இருப்பதே நேர்மையான வணிகத்தின் அடையாளம்.

10. பயிற்சி

கீழ்வரும் வினாக்களுக்கு அன்பர்கள் முதலில் தாமே விடை கண்டு, பின்னர் ஒப்பு நோக்குக.

வினா 1: இரு சகோதரர் பதிவு செய்யாது கூட்டாக நடத்தும் கடை, வெளியாருக்குக் கடனாகச் சரக்கு விற்றது. பணம் வராவிடில் வழக்கிடலாமா?
விடை: கூட்டு நிறுவனம் என்ற முறையில் வழக்கிட 69-ஆம் பிரிவு தடை. வழக்குத் தொடுக்கும் முன்பே பதிவு செய்தல் வேண்டும்.

வினா 2: கம்பெனிக்குக் கடன் தருபவர், இயக்குநரின் வீட்டை நம்பித் தருகிறார். அவர் செய்யவேண்டுவது யாது?
விடை: இயக்குநரைத் தனி மனிதராகவும் ஒரு தரப்பாக்கிப் பிணையப் பத்திரம் பெறல் வேண்டும், வீட்டையே ஈடாகக் கொள்வதாயின் முறைப்படி அடமானமும் பெறல் வேண்டும்.

வினா 3: கடை உரிமையாளரின் மகன், தந்தைக்காகக் கையெழுத்திட வருகிறார். கேட்கவேண்டுவது யாது?
விடை: அவர் வயது, தந்தை எழுதித்தந்த அதிகாரம், தந்தை உயிருடன் இருத்தல் ஆகிய மூன்றும்.

பெயரை விசாரிப்பது எதிரில் இருப்பவரை ஐயுறுவதாகாது. நாணயமானவர் தம் பெயரைத் தெளிவாகச் சொல்லத் தயங்கமாட்டார். நம்மைப் பற்றிக் கேட்பினும் நாமும் அவ்வாறே சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். அடுத்த முறை பத்திரத்தில் கையெழுத்திடும் முன், விலையைப் படிப்பதற்கு முன்பாக முதற் பத்தியைப் படித்து, 'பணம் வராவிடில் யாரைக் கேட்பேன்?' என்று ஒருமுறை வினவிக்கொள்க. அதற்கு ஒரே விடை கிடைத்தால் கையெழுத்திடலாம். இரண்டு விடைகள் தோன்றுமாயின் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வழக்கறிஞரைக் கலந்துகொள்க.